மாடி வீட்டின் இரண்டாவது சாவி

செருப்பைக் கீழேயே விட்டுட்டு வாங்க தம்பி. படிக்குக் கல் பதிச்சு இன்னும் ரெண்டு வருஷம் ஆகலை. உங்க வீட்டம்மா எதுக்கு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்காங்க? கையில பிள்ளையா? எத்தனை மாசம்? நாலா? தலை நின்னுருச்சா? மெதுவா ஏறி வரட்டும். அதுக்குள்ள நாம பேசிக்கிட்டிருப்போம்.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். போர்டைப் பார்த்து வந்தீங்களா, பிரிட்டோ அனுப்பினானா? பிரிட்டோ என் மகன், ஓசூர்ல இருக்கான். போன வாரம் ஒருத்தர் வந்தார். வாடகைக்கு வீடு பார்க்கற மாதிரியே சுத்திச் சுத்திப் பார்த்தார். கடைசியில, "இந்தப் பக்கம் சதுர அடி என்ன போகுது சிஸ்டர்"னு கேட்டார். குடியிருக்க வந்தவருக்குச் சதுர அடி விலை எதுக்கு? தெரு முனை வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்.

வாடகைக்குத்தானே? அப்ப உட்காருங்க. அந்தச் சேர்ல. வாளியை நகர்த்தாதீங்க, அது அங்கதான் இருக்கணும்.

என் பேரு ஆரோக்கிய ஜெயசீலி. சீலி சிஸ்டர்னு கேட்டா இந்தத் தெருவுல யாரும் சொல்லுவாங்க. முப்பத்தோரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு. இன்னைக்குத் திண்டுக்கல்ல பைக்கை முறுக்கிட்டுப் போற பையங்கள்ல பாதிப் பேரை முதல்ல அழ வச்சது இந்தக் கைதான். அதைப் பெருமைக்குச் சொல்லலை. நான் யாருன்னு தெரிஞ்சாத்தான் இந்த வீட்டைப் பத்திப் பேச முடியும்.

ரிட்டயர் ஆனதும் ஒரு தொகை வந்துச்சு. வந்த சேதி எனக்கு முன்னாடி சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. எங்க அண்ணன், போஸ்ட் ஆபீஸ்ல போடுன்னார். தங்கச்சி, நகையா வாங்கிரு அக்கான்னா. அவ மகளுக்குக் கல்யாண வயசு, அதனால. பிரிட்டோ, "நான் வாங்கற ஃபிளாட்டுக்குப் போடும்மா, நீயும் எங்ககூடவே வந்து இரு"ன்னான். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு. தனியா எதுக்கு இருக்கணும்னு அவனுக்கு.

போய்ப் பார்த்தேன் தம்பி. பார்க்கலைன்னு சொல்லக் கூடாது. பத்து நாள் ஓசூர்ல இருந்தேன். தனி ரூம் குடுத்தாங்க, ஃபேன் இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. ஆனா மருமக தட்டாம உள்ள வருவா. இஸ்திரிப் பெட்டி எடுக்க வருவா, துணி எடுக்க வருவா. நான் சேலை மாத்திக்கிட்டிருப்பேன், "நீங்க மாத்துங்க அத்தை"ன்னு பீரோவைத் திறந்து தேடிக்கிட்டிருப்பா. அவ வீடு, அவ பீரோ, சரி. உள்ள ஒரு மனுஷி இருக்காளே, கதவை ரெண்டு தட்டு தட்டினா விரலா தேய்ஞ்சு போகும்? பதினோராம் நாள் காலையில பஸ் ஏறிட்டேன்.

இங்க வந்து போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். கோட்டு போட்ட ஒரு பையன் பேசறான். நீங்க தூங்கினாலும் உங்க வீடு சம்பாதிக்கும்னான். வீட்டை வீடுன்னு நினைக்காதீங்க, தொழில்னு நினைங்க, உணர்ச்சிக்கு இடம் குடுக்காதீங்கன்னான். இதுதான் எனக்குன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உணர்ச்சிக்கு இடம் குடுத்திருந்தா முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டுல நிக்க முடியுமா?

கீழ் வீடு எங்களது. அது மேலேயே கட்டினேன். கையில இருந்ததைப் போட்டேன், பத்தாததுக்கு பேங்க்ல கடன். வாடகை வந்தா அது கடனுக்கு, பென்ஷன் என் சோத்துக்கு, யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். கணக்கு அவ்வளவுதான். தளம் போட்ட அன்னைக்கு வெயில்ல நானே குடை பிடிச்சு நின்னேன். கொத்தனார் சவரிமுத்து, "நிழல்ல உட்காருங்க சிஸ்டர், தளம் எங்கயும் ஓடிப் போகாது"ன்னு கிண்டல் பண்ணினார். ரூமுக்கு ஆறு ஆணி, எங்கெங்க வேணும்னு யோசிச்சு நானே பென்சில்ல குறி போட்டு அடிக்க வச்சேன். எதுக்கு? குடி வர்றவங்க ஆளுக்கொரு ஆணி அடிச்சுச் சுவரைப் புண்ணாக்கக் கூடாதுன்னுதான். யாராவது இவ்வளவு யோசிப்பாங்களா, சொல்லுங்க.

முதல்ல குடி வந்தவன் தங்கமாயன். நூல் மில்லுல சூப்பர்வைசர். பொண்டாட்டி வினோதினி, பி.காம். படிச்ச பொண்ணு. போன வருஷம் ஆவணியில பால் காய்ச்சி வந்தாங்க. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க, நான் இல்லைங்கலை. ஒண்ணாம் தேதி பணம் வந்துரும். வந்தப்ப அவளுக்கு நாலு மாசம். இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காப் போடறாளான்னு நான்தான் பார்ப்பேன். அட்டையில எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பார்த்தாத் தெரிஞ்சிரும்ல. அவகிட்ட கேட்டா போட்டேன் போட்டேன்னுதான் சொல்லுவா.

எப்படி எண்ணினேன்னா? மேல வந்துதான். அவங்க வெளியில போயிருக்கும்போது.

கதவுக்கு ரெண்டு சாவி தம்பி. ஒண்ணு அவங்ககிட்ட, ஒண்ணு என் இடுப்புல. சொத்தை வாரம் ஒரு தடவை உங்க கண்ணால பாருங்கன்னு அந்தக் கோட்டுப் பையன் சொல்லியிருக்கான். வாரம் ஒரு தடவை எனக்கு எப்படிப் போதும்? காலையில ஆறு மணிக்கு வார்டுல ரவுண்ட்ஸ் போன காலு இது. நான் தினம் போவேன். ஒரு நாள் கேஸை மூடாமப் போயிருந்தா, மூடினேன். மழை வந்தப்ப கொடித் துணியை எடுத்து மடிச்சு வச்சேன். வளைகாப்பு முடிஞ்சு அவ தாய் வீட்டுக்குப் போனாளே, அந்த அஞ்சு மாசம் அவன் தனியா இருந்தான். ஆம்பளை தனியா இருக்கற வீடு, பாட்டில் கீட்டில் இருக்கான்னு பார்க்க வேண்டாமா? இல்லை. நல்ல பையன். அலமாரியில கடலை மிட்டாய்தான் இருந்துச்சு.

சித்திரையில பிள்ளையோட திரும்பி வந்தா. பொம்பளைப் பிள்ளை, மூணு மாசம், அள்ளிக்கணும் போல இருக்கும். மறுநாள் தங்கமாயன் கீழ வந்து நின்னான்.

"சிஸ்டர், தொட்டில் கட்ட ஹால்ல ஒரு கொக்கி மாட்டிக்கிறோம்."

"தளத்துல ஓட்டை போட்டா மழைக்குத் தண்ணி இறங்கும். ஸ்டாண்டு தொட்டில் விக்குது, வாங்கிக்க."

"அதுல தூங்க மாட்டேங்குது சிஸ்டர். அவங்க அம்மா வீட்டுல சேலைத் தொட்டில்லயே பழகிருச்சு."

"பழக்கத்தை மாத்து. ரெண்டு நாள் அழும், மூணாம் நாள் தானா தூங்கும்."

வார்டுல எத்தனை பிள்ளையைப் பார்த்திருக்கேன். சரிங்க சிஸ்டர்னு தலையை ஆட்டிட்டுப் போனான். நாலு நாள் கழிச்சு மேல வந்து பார்க்கறேன், ஹால் நடுவுல கொக்கி. அதுல சேலை. மில்லுல இருந்து மெஷினைக் கொண்டுவந்து நான் பிரேயருக்குப் போயிருந்த நேரத்துல துளை போட்டிருக்கான். என் தளம் தம்பி! குடை பிடிச்சு நின்னேனே, அந்தத் தளம்.

சண்டை போட்டிருக்கலாம். நான் சண்டை போடற ஆள் இல்லை. பதினாலாவது வாரத்து ஊசி போடணும், செவ்வாய்க்கிழமை போயிட்டு வந்துருங்கன்னு நான்தான் ஞாபகப்படுத்தினேன். போனாங்க. போனதும் சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன்.

அவர் மேல வந்து பார்த்துட்டு, "தொட்டில் தொங்குதே சிஸ்டர்"ன்னார்.

"அவுத்துருவோம்."

"கொக்கி நல்லா இறுகிப் போயிருக்கு. இப்படியே விட்டா ஒண்ணும் ஆகாது. நோண்டி எடுத்தாத்தான் தளம் விட்டுப் போகும்."

"உங்ககிட்ட யோசனை கேட்கலை. எடுங்க."

தொட்டிலை நான்தான் அவுத்தேன். பால் வாடை அடிச்சுது. வார்டுல மடிக்கற மாதிரி சேலையை நாலா மடிச்சு, கட்டில் மேல வச்சு, அது மேல கிலுகிலுப்பையை வச்சேன். அவர் உளியை வச்சு அடிச்சு எடுத்தார், சிமென்ட் வச்சுப் பூசினார். கீழ விழுந்த தூசியெல்லாம் பெருக்கி, பினாயில் போட்டுத் துடைச்சு, கதவைப் பூட்டிட்டு இறங்கினேன். அவங்க வந்தப்ப வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு.

ஊசி போட்ட பிள்ளை அழுதுக்கிட்டே வந்துச்சு. அவ ஹால்ல நின்னு மேல பார்த்தா. கட்டிலைப் பார்த்தா. நானும் பின்னாடியே ஏறி வந்திருந்தேன், எடுத்துச் சொல்லலாம்னு. தளத்தைப் பத்தி, தண்ணியைப் பத்தி. என்னைத் திரும்பிப் பார்த்து என்ன கேட்டா தெரியுமா?

"உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கா சிஸ்டர்?"

நான் கொக்கியைப் பத்திப் பேசறேன், அவ சாவியைப் பத்திக் கேட்கிறா. சம்பந்தம் இருக்கா?

"இருக்கு. என் வீடு, என் சாவி"ன்னேன்.

"எத்தனை நாளா வர்றீங்க?"

"நாள் கணக்கெல்லாம் யாரும்மா வச்சா? உங்க கேஸை மூடினது யாரு, துணியை எடுத்தது யாரு?"

அவ புருஷன் பக்கம் திரும்பினா. "நான்தான் மடிச்சேன்னு நீ நினைச்ச, நீதான் மடிச்சேன்னு நான் நினைச்சேன்"ன்னா. அவ்வளவுதான். அழக்கூட இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம் பூரா பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு. கீழ எனக்குக் காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மனசு கேட்கலை, காய்ச்சல் சொட்டு மருந்தை எடுத்துக்கிட்டு வந்தேன். சாவியைப் போட்டுத் திருப்பறேன், கதவு திறக்கலை. உள்பக்கம் தாழ்ப்பாள். இருட்டக்கூட இல்லை! மருந்தை வாசப்படியில வச்சுட்டு இறங்கினேன். மறுநாள் பார்த்தா வச்ச இடத்துலயே இருந்துச்சு.

எட்டாம் நாள் கோடை மழை. தண்ணி இறங்குச்சு. ஆமா, அந்த இடத்துலதான். பூச்சு வச்ச இடத்துலயேதான். தங்கமாயன் ஒரு வாளியை எடுத்து வந்து நேர் கீழ வச்சான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. அந்தத் திமிரைப் பார்த்தீங்களா? திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும்.

வைகாசி கடைசியில காலி பண்ணிட்டாங்க. போகும்போது அந்த வாளியை விட்டுட்டுப் போயிட்டாங்க. இதுதான் அது. இப்ப ஒழுகலை தம்பி, ஒரு பாதுகாப்புக்கு வச்சிருக்கேன். பயப்படாதீங்க, மேல பூச்சு போட்டாச் சரியாப் போகும்னு சவரிமுத்து சொல்லியிருக்கார். போட்டுருவேன்.

பிரிட்டோ போன்ல, "ஏம்மா போனாங்க"ன்னான். "தொட்டிலுக்காக"ன்னேன். சிரிக்கறான். "நான் தொங்கின கொக்கி கீழ் வீட்டுல இன்னும் இருக்கேம்மா"ங்கறான். இருக்கு, இல்லைங்கலை. இப்ப அதுல வெங்காயக் கூடை தொங்குது. அவன் பிறந்தப்ப நாங்க அதே கீழ் வீட்டுல வாடகைக்கு இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் ரத்தினசபாபதின்னு ஒருத்தர். கொக்கி போட்டுக்கலாமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு, "பிள்ளை இருக்கற வீட்டுல இதையெல்லாமா கேட்பாங்க"ன்னுட்டார். மாசம் ஒரு தடவை வருவார். வாசல்லயே நிப்பார். உள்ள வாங்கன்னு கூப்பிட்டா, "நீங்க குடியிருக்கற வீடும்மா, நான் எதுக்கு"ம்பார். பதிமூணு வருஷத்துல ஒரு நாள் உள்ள வந்து ஒரு சுவரைப் பார்த்ததில்லை. அப்படி ஒரு பொறுப்பில்லாத மனுஷன். தொழில் தெரியாதவர். கடைசியில என்னாச்சு? பதிமூணு வருஷம் அசையாம இருந்த எங்களுக்கே வித்துட்டுப் போனார்.

அதை விடுங்க. விஷயம் இதுதான். பிரிட்டோ வித்துரும்மா வித்துரும்மான்னு தினம் போன் பண்ணினான். மேலயும் கீழயும் சேர்த்துக் குடுத்துட்டு ஓசூருக்கு வந்துருன்னான். எனக்குக் கோபம் வந்துருச்சு. "ஆனி முடியறதுக்குள்ள ஆள் வைக்கலைன்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன்டா"ன்னு சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன், யாரும் சொல்ல வைக்கலை. சொன்னா சொன்னதுதான் எனக்கு, மாத்தற பழக்கம் கிடையாது.

நாளைக்கு ஆனி கடைசி. நாளன்னைக்கு ஆடி. நான் வேதக்காரி, எனக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது. குடி வர்றவங்களுக்கு இருக்கே! ஆடியில எவன் பால் காய்ச்சுவான்? அதுக்காகவே மாதா படத்துக்குப் பக்கத்துல ஒரு தினக் காலண்டர் வாங்கி மாட்டியிருக்கேன். நாளைக்குக் காலையில நல்ல நேரம் இருக்கு. பாலை மட்டும் காய்ச்சி வச்சுட்டாப் போதும், சாமானை அப்புறமாக்கூடக் கொண்டு வரலாம்.

இந்த ஒரு மாசத்துல பதினோரு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. எல்லாருக்கும் வீடு பிடிச்சிருந்துச்சு. காத்து பிடிச்சிருந்துச்சு, தண்ணி பிடிச்சிருந்துச்சு. நானும் ஒளிவு மறைவு இல்லாம, முன்னாடி இருந்தவங்க என்ன பண்ணினாங்கன்னு உங்ககிட்ட சொன்ன மாதிரியேதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டு, போன் பண்றோம் சிஸ்டர்னு போனாங்க. எவரும் பண்ணலை. இந்தக் காலத்துல உண்மையைச் சொன்னா யாருக்கும் பிடிக்கறதில்லை.

வாம்மா, வா. பிள்ளையைக் குடு, நான் வச்சிருக்கேன். அட, தலை நல்லா நிக்குதே! ஏன்டா தங்கம் முழிக்கற? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா? போய்ப் பாரும்மா, அடுப்படியைப் பாரு. குழாயைத் திறந்து பாரு, எப்பத் திறந்தாலும் தண்ணி வரும். அலமாரிக்குத் தனித்தனியாக் கதவு போட்டிருக்கேன்.

பார்த்தாச்சா? என்னம்மா மேலயே பார்க்கறே? அது ஒண்ணுமில்லை, பூச்சு வச்ச இடம்.

என்ன தம்பி சொல்றாங்க உங்க வீட்டம்மா? சத்தமாச் சொல்லச் சொல்லுங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேட்கும்.

ரெண்டு சாவியும் வேணுமா?

படியேறும்போது எல்லாம் கேட்டுச்சாக்கும். இங்க பாரும்மா. திண்டுக்கல்லுல உட்கார்ந்துக்கிட்டு எங்கிட்ட பூட்டைப் பத்திப் பேசாதே. பூட்டுக் கடையில நானே நின்னு பார்த்து வாங்கின பூட்டு. ஒரு சாவி தொலைஞ்சா என்ன பண்ணுவே? கேஸைத் திறந்து வச்சுட்டுப் போயிட்டா? நீ மயக்கம் போட்டு விழுந்துட்டா? உள்ள பிள்ளை மட்டும் இருந்து தாழ்ப்பாள் விழுந்துட்டா? அதுக்குத்தான் ஒரு சாவி எங்கிட்ட இருக்கணும்ங்கறேன். உன் நல்லதுக்குத்தான். ஊரை அடிச்சு உலையில போடறவளா நான்? ஒரு ஊக்கு காணாமப் போயிருக்குமா, அந்த வினோதினியைக் கேட்டுப் பாரு.

போன் அடிக்குதா? பிரிட்டோதான். இந்த நேரத்துக்கு அவன்தான் பண்ணுவான். காலண்டரை அவனும் பார்ப்பான்ல. அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

நீங்க ரெண்டு பேரும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறீங்க? இருங்க, செருப்பைத் தேடாதீங்க. செருப்பு கீழதானே இருக்கு. உட்காரும்மா, பிள்ளை எங்கிட்ட இருக்குல்ல.

இதுக்குத் தூக்கம் வருது. கண்ணைப் பாருங்க, சொருகுது. நீ எதுலம்மா தூங்கப் போடறே? சேலையிலதானா?

கொக்கிக்கு இனி துளை போட வேண்டாம். துளைதான் ஏற்கெனவே இருக்கே. சவரிமுத்துகிட்டச் சொல்லி, மேலயும் பூசி, கொக்கியையும் நானே மாட்டித் தர்றேன். அது நான் குடுக்கறது, நீங்க கேட்டு வாங்கினது இல்லை. அதை ஞாபகம் வச்சுக்கங்க.

மறுபடியும் அடிக்கறான் பாருங்க.

இந்தாங்க தம்பி, பிள்ளையைப் பிடிங்க. இந்த வளையத்துல இருந்து கழட்டறது லேசு இல்லை. கட்டின நாள்ல இருந்து இடுப்பை விட்டு இறங்காத சாவி. நகம்தான் உடையும். வந்துருச்சு. பிடிங்க. ரெண்டாவது சாவி. மூணாவது கிடையாது, மாதா மேல சத்தியம்.

பயந்துக்கிட்டுக் குடுக்கறேன்னு நினைக்காதீங்க. எனக்கு எவன்கிட்டயும் பயம் கிடையாது. வீடு என்னோடது, குடுக்கறதும் என் இஷ்டம். ஆணி ரூமுக்கு ஆறு இருக்கு, ஏழாவது அடிக்கக் கூடாது. நாளைக்குக் காலையில பால் காய்ச்சிரணும்.

காலையில ஆறு மணிக்கு நான் மேல வருவேன். அதை மட்டும் என்னால விட முடியாது, இப்பவே சொல்லிட்டேன். வந்து தட்டுவேன். ரெண்டு தட்டுதான் தட்டுவேன், அதுக்கு மேல நிக்க மாட்டேன்.

திறக்கணும், என்னம்மா?